முகம் தெரியாத சந்தையில் நாணயம்

சொந்த ஊரில் யாருக்கு நெல்லைக் கடனாகக் கொடுக்கலாம், யாரிடம் காசு கைக்கு வராமல் மூட்டையை ஏற்றக் கூடாது என்பது எமக்குத் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்து வந்த ஊரில் அந்த அறிவு கைகொடுப்பதில்லை. வாங்குபவரும் புதியவர், விற்பவரும் புதியவர். இன்று எமது பிள்ளைகள் கைத்தொலைபேசி வழியாகவே பொருள் வாங்கவும் விற்கவும் முற்படுகின்றனர். அங்கும் இதே நிலைதான். விதைநெல்லுக்கென வைத்த காசு போனால் ஒரு போகமே போய்விடும். ஆகவே, முகம் தெரியாதவரை எடைபோடும் வழியை நாம் அறிந்திருத்தல் நன்று.

1995 இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் கணனி வழி ஏலச் சந்தை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. 1996 இல் அங்கு ஒரு முறை ஏற்படுத்தப்பட்டது. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதலாம். நல்லது என்றால் ஒரு புள்ளி கூடும். கெட்டது என்றால் ஒன்று குறையும். அதை எல்லோரும் பார்க்கலாம்.

நற்பெயருக்கு விலை உண்டா? போல் ரெஸ்னிக் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பழைய தபாலட்டை விற்கும் பெயர் பெற்ற வியாபாரி ஒருவர், ஒத்த தரமான அட்டைகளைத் தன் பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றார். தன் பெயரில் விற்றவைக்கு ஏறத்தாழ 8 வீதம் கூடுதலாகக் கிடைத்தது.

ஆயினும் புள்ளியை மட்டும் நம்பலாகாது. குறை சொன்னால் தம்மையும் குறை சொல்வார்கள் என்ற பயத்தில் பலர் வாய் திறக்கவில்லை. அதனால் 2008 இல், விற்பவர் வாங்கியவருக்குக் கெட்ட புள்ளி இடுவதை ஈபே நிறுத்தியது. மலிவுப் பொருட்களை ஒழுங்காக விற்றுப் புள்ளி சேர்த்தபின், விலை கூடிய பொருளில் ஏமாற்றுவோரும் உண்டு.

எனவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. புகழ்ச்சியை விடக் குறைகளை முதலில் வாசியுங்கள். அண்மைக் காலத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

2. அவர் முன்பு விற்றது எவ்வகைப் பொருள்? சீப்பு விற்றுப் பெற்ற நற்பெயர் நீரிறைக்கும் இயந்திரத்துக்குப் போதாது.

3. சந்தை விலையிலும் மிகக் குறைவாகக் கேட்டால், அல்லது "இன்றே காசை அனுப்பு" என்று அவசரப்படுத்தினால் விலகுங்கள்.

4. வாங்குபவர் அனுப்பும் வங்கிச் சிட்டையின் படத்தை நம்பாதீர்கள். காசு உங்கள் கணக்கில் விழுந்ததா என்று பார்த்த பின்னரே பொருளைக் கொடுங்கள்.

5. விலைக்கு மேலாகக் காசோலை அனுப்பி, மிகுதியைத் திருப்பிக் கேட்பவரிடம் அகப்படாதீர்கள். சில நாட்களில் அந்தக் காசோலை செல்லாதென வங்கியிலிருந்து திரும்பிவரும். நீங்கள் அனுப்பிய காசு திரும்பி வராது.

இன்னொன்றும் உண்டு. புதிய இடத்தில் எமது புள்ளியும் பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறது. எம்மையும் பிறர் எடைபோடுகின்றனர். முதலில் சிறிதாக விற்போம். நிறையைச் சரியாகக் கொடுப்போம். பொருளின் குறையை வாங்குபவர் காணுமுன் நாமே சொல்லிவிடுவோம். காணியை விட்டு வந்தோம். நாணயத்தை விட்டு வரவில்லை என்பதை அயலவர் அப்படித்தான் அறிந்துகொள்வர்.