நிலைகுலையும் நொடியிலும் எழுதும் நிரல்

லினக்ஸ் கர்னல் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் செயற்கூறின் பெயர் பிரிண்ட்கே. வட்டு பழுது, நினைவகத் தட்டுப்பாடு, புதிதாகச் செருகிய யுஎஸ்பி எனக் கர்னலின் செய்திகள் இதன் வழியாக வளையப் பஃபர் ஒன்றில் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை உண்டு; எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். பஃபர் நிறைந்தால் பழைய செய்திகள் அழிந்து புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். அதைப் படிக்க டிமெசேஜ் கட்டளை போதும்.

சாதாரணமாகத் தெரியும் இந்த நிரலில் கைவைக்கப் பலரும் தயங்குவதற்குக் காரணம், கர்னலின் எந்த மூலையிலிருந்தும் அதை அழைக்கலாம் என்பதே. முன்பு பஃபருக்கு ஒரே பூட்டு இருந்தது. அதைப் பிடித்திருக்கும் செயலியை, தடுக்க முடியாத இடையீடு ஒன்று நிறுத்தி, அதுவும் பிரிண்ட்கேயை அழைத்தால், செயலி தன்னிடமே உள்ள பூட்டுக்காகக் காலமெல்லாம் காத்திருக்கும். செய்திகளை வெளியே காட்டும் மெதுவான கன்சோல் இன்னொரு தொல்லை. 115200 பாட் வேகத் தொடர் இணைப்பில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துகளே போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு 7 மில்லிநொடி. செயலிக்கு அது நெடுங்காலம்.

பூட்டுச் சிக்கலுக்குத் தீர்வாக ஜெர்மனியின் லினுட்ரானிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓக்னெஸ் எழுதிய பூட்டில்லா வளையப் பஃபர், 2020 டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் இடம்பெற்றது. அதைச் சோதிக்கப் பல செயலிகள் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, வெவ்வேறு நீளத்தில் அதையே நிரப்பும். படிக்கும்போது ஒரு பதிவுக்குள் வேறு எழுத்து கலந்திருந்தால் பிழை அம்பலமாகும். பதிவுகளின் வரிசை எண்ணில் இடைவெளி தெரிந்தால் சில செய்திகள் தொலைந்தன என்று பொருள்.

இதுவும் போதாது. எக்ஸ்86 செயலிகள் நினைவகச் செயல்களின் வரிசையைப் பெரும்பாலும் காப்பாற்றுபவை. ஆர்ம், பவர் செயலிகள் அப்படியல்ல. ஒன்றில் நாள்முழுதும் ஒழுங்காக ஓடிய நிரல் மற்றொன்றில் சறுக்கலாம். ஆகவே ஓட்டிப் பார்த்ததை மட்டும் சான்றாக ஏற்க முடியாது. பூட்டில்லா பஃபரின் மூலநிரலில் ஒவ்வொரு நினைவகத் தடுப்புக்கும் பெயரிட்டு, அது எதனோடு இணை, எந்த வரிசையைக் காக்கிறது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் அந்த நிரலை யாராலும் சரிபார்க்க முடியாது.

கர்னலை வேண்டுமென்றே வீழ்த்துவதும் சோதனையில் அடக்கம். சிஸ்ஆர்கியூ வசதியில் 'சி' என்று கொடுத்தால் கர்னல் அங்கேயே விழும். தொடர் இணைப்பில் கோத்த வேறொரு கணினியில் கடைசி வரிகள் வந்தனவா என்று பார்க்க வேண்டும். பரிசோதிக்கப்படும் பதிவை அதே பதிவின் சாட்சியம் கொண்டு தீர்மானிக்கக் கூடாது.

ஆவணத்தை மேலோட்டமாக விடும் பழக்கம் இங்கே உடனே தண்டிக்கும். கர்னல் வீழ்ந்தபின் நினைவகப் பிரதியைத் திறக்கும் கிராஷ், மேக்டம்ப்ஃபைல் போன்ற கருவிகள் பஃபரின் உள்ளமைப்பை அறிந்தே படிக்கின்றன. உள்ளமைப்பு மாறினால் அவற்றின் பழைய பதிப்புகளுக்குப் பதிவு புரியாது. ஆகவே 5.10 மாற்றத்தோடு, அக்கருவிகளுக்கு வழிகாட்டும் விஎம்கோர்இன்ஃபோ ஆவணமும், ஜிடிபி பிழைதிருத்தியின் ஸ்கிரிப்டுகளும் திருத்தப்பட்டன. ஒவ்வொரு பேட்சின் விளக்கத்திலும் என்ன மாறியது என்பதைவிட ஏன் மாறியது என்பதே முக்கியம். பழைய பிழையைத் திருத்துவதானால், அதைப் புகுத்திய கமிட்டின் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டும்.

அவசர நேரத்தில் ஒரு செயலியிடமிருந்து இன்னொன்று கன்சோலைக் கைப்பற்ற வழிசெய்யும் என்பிகான் கட்டமைப்பு அடுத்து வந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கர்னலுக்கு வெளியே காத்திருந்த நிகழ்நேர லினக்ஸ் திட்டத்துக்குக் கடைசித் தடையாக நின்றது பிரிண்ட்கேதான். அது விலகியதும், 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் நிகழ்நேர வசதி பிரதான கர்னலில் சேர்ந்தது. கன்சோல் டிரைவர்களை மட்டும் இன்னும் ஒவ்வொன்றாகவே புதிய முறைக்கு மாற்ற வேண்டும்.