இளமையில் தாக்கும் பாரிசவாதம்

பாரிசவாதம் என்றதும் முதுமையே நம் நினைவுக்கு வருகிறது. நரைத்த தலையுடைய பெரியவர் ஒருவர் கையும் காலும் வழங்காது படுக்கையிற் கிடப்பதே நாம் கண்டு பழகிய காட்சி. ஆனால், முப்பது வயது நிரம்பாத பெண்ணொருத்தியின் கை திடீரெனச் சோர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறுமாயின் என் செய்வோம்? நாவூறு என்பர் சிலர். கிரகதோஷம் என்பர் வேறு சிலர். நூல் கட்டுவதிலேயே அருமையான மணித்தியாலங்கள் கழிந்துவிடும். இளவயதிற் பாரிசவாதத்தை உண்டாக்கும் காரணங்களுள் ஒன்று லூப்பஸ் என்னும் நோய். அதனால் வரும் ஆபத்தை முன்னரே அறியவும் பெருமளவு தடுக்கவும் இன்று வழியுண்டு.

காவலரே பகைவரானால்

லூப்பஸ் என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். முகத்தில் தோன்றும் புண் ஓநாய் கடித்த வடுவைப் போன்றிருந்தமையால் இப்பெயர் வந்ததென்பர். கிருமிகளை எதிர்க்கவேண்டிய பிறபொருளெதிரிகள் இந்நோயில் சொந்த உடலையே தாக்குகின்றன. தோல், மூட்டுக்கள், சிறுநீரகம் முதலிய பல உறுப்புக்கள் பழுதடைகின்றன. நோயாளர் பதின்மரில் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள்.

காயம் பட்ட இடத்திற் குருதி உறைவது நமக்குப் பாதுகாப்பு. காயமின்றி நாளத்துக்குள்ளே அது உறையின் ஆபத்து. லூப்பஸ் நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் ‘அன்ரிபொஸ்போலிப்பிட்’ என்னும் ஒருவகைப் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. இவை நாளங்களின் உட்சுவரையும் குருதிச் சிறுதட்டுக்களையும் தூண்டி உறைகட்டியைத் தோற்றுவிக்கக்கூடும். கட்டி காலில் உண்டானால் வீக்கம். நுரையீரலை அடைந்தால் மூச்சுத்திணறல். மூளையின் நாளத்தை அடைத்தால் பாரிசவாதம். கருவைப் போஷிக்கும் நச்சுக்கொடியும் பாதிப்புறுவதால் கரு மீண்டும் மீண்டும் சிதைவதுண்டு. ‘ராசியில்லாதவள்’ என்று பழிக்கப்பட்ட பெண்களுள் எத்தனை பேருக்கு இந்நோய் இருந்ததோ!

பெயர் செய்த மயக்கம்

இவ்வுண்மை எளிதில் வெளிப்படவில்லை. 1906 ஆம் ஆண்டில் வாசர்மன் வகுத்த மேகநோய்ச் சோதனையின் வழிவந்த சோதனைகளில் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் பயன்பட்டது. லூப்பஸ் நோயாளரின் பிறபொருளெதிரிகள் அக்கொழுப்போடு இணைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டின. குற்றமற்ற பெண்கள் மீது வீண் ஐயம் விழ இது இடமளித்தது.

1952 இல் அமெரிக்க அறிஞர்களான கொன்லியும் ஹார்ட்மனும் வேறொரு புதுமையைக் கண்டனர். லூப்பஸ் நோயாளர் சிலரின் குருதி பரிசோதனைக் குழாயில் உறையத் தாமதித்தது. அதற்குக் காரணமான பொருள் பின்னர் ‘லூப்பஸ் உறைவெதிரி’ எனப் பெயர் பெற்றது. குழாயில் உறைதலைத் தடுப்பது, உடலிலோ உறைதலைத் தூண்டுகிறது! இலண்டனில் டாக்டர் கிரகாம் ஹியூஸ், உறைகட்டி, கருச்சிதைவு, மூளைப்பாதிப்பு மூன்றையும் இப்பிறபொருளெதிரிகளோடு இணைத்து 1983 இல் விளக்கினார். அந்நோய்த்தொகுதி இன்று அவர் பெயராலும் வழங்குகிறது.

காக்கும் வழி

லூப்பஸ் உடையோர் இப்பிறபொருளெதிரிகளுக்கான குருதிச் சோதனைகளை வைத்தியரிடம் கேட்டுச் செய்வித்தல் நன்று. முடிவு இருப்பதாகக் காட்டினால், 12 வாரங்களின் பின் மீண்டும் சோதித்தே உறுதிசெய்வர். சிலருக்குச் சிறிதளவு அஸ்பிரின் போதும். உறைகட்டி ஒருமுறை உண்டானோருக்குப் பெரும்பாலும் வார்பரின் வேண்டும். வார்பரின் கருவுக்குத் தீங்கு செய்யுமாதலால் கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசி போடுவர். வார்பரின் உண்போர் கீரையை ஒரேயடியாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

லூப்பஸுக்கு வழங்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுவின் மாத்திரை உறைகட்டி அபாயத்தையும் குறைக்கிறது. மலேரியாவுக்கு உதவிய கொயினா மருந்தின் வழித்தோன்றலே இது. கொயினா தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடவே நமது மலைநாட்டில் ஹக்கலைத் தோட்டம் 1861 இல் நிறுவப்பட்டது. சுகம் கண்டதும் இம்மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் பலர், அது தவறு. புகைத்தலையும், இப்பிறபொருளெதிரி உடையோர் ஈஸ்திரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையையும் விலக்கவேண்டும். குருதியமுக்கத்தை அடிக்கடி அளந்து பார்த்தல் அவசியம்.

முகம் ஒருபுறம் சரிதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பிலிமத்தலாவையில் வாழும் நமக்குப் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் கண்டி தேசிய வைத்தியசாலையும் எட்டாத் தொலைவில் இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்படவேண்டும். ஆகவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி உண்ணும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குருதி உறையாது தடுக்கும் மருந்தை உண்பவருக்கு அவ்வூசியை ஏற்றலாமா என்று வைத்தியர் முடிவுசெய்ய அவ்விவரம் இன்றியமையாதது.