யாரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்?

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு கணக்கு. 2022 நவம்பரில் பேராக் மாநிலத் தேர்தல் நடந்தது. சட்டமன்றத்தில் மொத்தம் 59 இடங்கள். பெரிக்காத்தான் நேஷனலுக்கு 26, பக்காத்தான் ஹராப்பானுக்கு 24, பாரிசான் நேஷனலுக்கு 9. மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் எந்தக் கூட்டணியிலிருந்து வந்திருப்பார்?

பெரிக்காத்தான் என்றால் தவறு. ஒன்பதே இடம் பிடித்த பாரிசானின் சாரானி முகமட்தான் பதவியேற்றார். ஆட்சி அமைக்க 59இல் பாதிக்கு மேல், அதாவது 30 பேர் வேண்டும். தனியாக யாரிடமும் அவ்வளவு பேர் இல்லை. 24ம் 9ம் சேர்ந்ததும் 33 ஆகிவிட்டது!

அதனால் ஓர் ஆட்சியைப் பற்றிப் படிக்கும்போது, 'யார் தலைவர்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'அந்தத் தலைவரை வீட்டுக்கு அனுப்ப யாரால் முடியும்?' என்றும் கேளுங்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே தோட்ட நிர்வாகியான துரை வைத்ததுதான் சட்டம். அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் கங்காணி. வேலை போனால் குடியிருந்த லயத்து வீடும் போய்விடும். துரையை மாற்றக்கூடியது கம்பெனி மட்டும்தான். பல கம்பெனிகளின் தலைமை அலுவலகம் லண்டனில் இருந்தது. பால்மரம் சீவியவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. தோட்டம் ஓர் அரசாங்கம் அல்லதான். ஆனாலும் அங்கே பிறந்த பிள்ளைகள் முதலில் பார்த்த 'ஆட்சி' அதுதானே?

நாடுகளுக்கு வருவோம். புருணையில் சுல்தானே பிரதமர். அவரை ஓட்டுப் போட்டு மாற்ற வழியில்லை. பேராக் சுல்தானும் ஓட்டால் வருபவர் அல்லர். ஆனால் இங்கே அன்றாட ஆட்சி மந்திரி பெசார் கையிலும் ஆட்சிக்குழுவின் கையிலும் இருக்கிறது. சில விஷயங்களில் மட்டும் சுல்தான் தாமே முடிவெடுக்கலாம். மந்திரி பெசாராக யாரை நியமிப்பது என்பது அவற்றுள் ஒன்று. சட்டமன்றத்தைக் கலைக்கச் சம்மதிப்பதா, மறுப்பதா என்பது இன்னொன்று.

இந்த இரண்டும் 2009இல் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அப்போது மந்திரி பெசார் நிசார் ஜமாலுடின். அவர் பக்கம் 31 பேர், எதிரே 28 பேர். மூன்று பேர் விலகி எதிர்ப்பக்கத்தை ஆதரித்தார்கள். சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைக்கும்படி நிசார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா மறுத்துவிட்டு, சம்ரி அப்துல் காதிரை நியமித்தார். (அஸ்லான் ஷா சுல்தான் ஆவதற்கு முன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர்!) நிசார் பக்கத்தைச் சேர்ந்த சபாநாயகர் வி. சிவகுமார் மார்ச் 3ஆம் தேதி சபையைக் கூட்டினார். உறுப்பினர்களைக் கட்டடத்துக்குள் விடவில்லை. ஈப்போவில் ஒரு மரத்தடியிலேயே கூட்டம் நடந்தது!

யார் மந்திரி பெசார் என்ற வழக்கு கடைசியில் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சம்ரியின் நியமனம் செல்லும் என்று 2010 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை போய்விட்டதா என்று அறிய, சபையில் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பதில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. எனக்கென்னவோ, எல்லார் கண்முன்னும் எண்ணிவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது. 2020 டிசம்பர் 4ஆம் தேதி அப்படித்தான் நடந்தது. மந்திரி பெசார் ஃபைசால் அசுமுவுக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு 1. அடுத்த வாரமே சாரானி வந்துவிட்டார்.

இனி ஊருக்கு வருவோம். ஈப்போ மேயரான டத்தோ பண்டாரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்? அவரையும் மாநகர் மன்ற உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. முன்பு அப்படி இல்லை. டி.ஆர். சீனிவாசகத்தின் மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் வென்றுதான் ஈப்போ நகர மன்றத்தை நடத்தியது. இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த 1965இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976இல் வந்த சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது.

ஆகவே உங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால், மாநகர் மன்ற உறுப்பினரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. அவரை நியமித்த மாநில அரசைத்தான் மாற்றலாம். அதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2021 டிசம்பருக்கு முன் 21 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.