ஊகத்துக்கு இடமில்லை

எழுத்துகளுக்குப் பதில் எண்கள். குறுக்கெழுத்துப் புலிகளையே திணறடிக்கும் கட்டங்களை வெல்ல வாய்ப்பாடு மட்டும் போதாது; பொறுமையும் வேண்டும்.

இடமிருந்து வலம்: மூன்று இலக்க கன எண். மேலிருந்து கீழ்: இரண்டு இலக்க வர்க்க எண். குறிப்பு இவ்வளவுதான். சிலேடை கிடையாது. அகராதியைப் புரட்டியும் பயனில்லை. குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவாலேயே நிரப்பிப் பழகியவர்கள்கூட இங்கே பென்சிலையும் ரப்பரையும் தேடுகிறார்கள்.

குறுக்கெழுத்தில் ஒரு குறிப்பைப் படித்ததும் விடை பளிச்சென்று தோன்றலாம். கடினமான எண் புதிரில் அது அபூர்வம். எந்தக் குறிப்பும் தனியாக விடை தராது. சாத்தியங்களைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. மிச்சத்தை அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு குறிப்பு குறைக்க வேண்டும்.

ஒரு குட்டிப் புதிரைப் பார்க்கலாம். மேலே மூன்று கட்டங்கள், அவற்றின் கீழே மூன்று. மேல் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண். கீழ் வரிசையின் முதல் கட்டம் 4. இடமிருந்து வலம் 1: கன எண். 4: ஒன்பதால் வகுபடும் எண். மேலிருந்து கீழ் 1: வர்க்க எண். 2: பகா எண். 3: கன எண்.

மூன்று இலக்க கன எண்கள் ஐந்தே ஐந்து: 125, 216, 343, 512, 729. இரண்டு இலக்க வர்க்கங்கள் ஆறு: 16, 25, 36, 49, 64, 81. இவற்றில் எதுவும் 5லோ 7லோ தொடங்கவில்லை. ஆகவே 512, 729 இரண்டும் அடிபடுகின்றன. மிஞ்சிய மூன்றின் கடைசி இலக்கங்கள் 5, 6, 3. அந்த இலக்கத்தில் தொடங்கி ஒரு கன எண் கீழே இறங்க வேண்டும். இரண்டு இலக்க கன எண்கள் 27ம் 64ம் மட்டும். எனவே 64, மேல் வரிசை 216. முதல் கட்டத்திலிருந்து இறங்குவது 25. இப்போது கீழ் வரிசையில் 5, ஒரு காலி, 4. இலக்கங்களின் கூட்டல் ஒன்பதால் வகுபட வேண்டுமானால் நடுவே 0 அல்லது 9. பத்து பகா எண் இல்லை. 19 பகா எண். விடை 594. ஆறு கட்டங்களும் நிரம்பின. ஓரிடத்திலும் ஊகம் தேவைப்படவில்லை.

இந்த வகையின் உச்சத்தைக் காண இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பி.பி.சி.யின் 'தி லிஸனர்' வார இதழில் 1930ல் தொடங்கிய குறுக்கெழுத்துப் புதிர், 1991ல் இதழ் நின்ற பிறகு 'தி டைம்ஸ்' நாளிதழின் சனிக்கிழமைப் பதிப்புக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் வருகிறது. ஆண்டுக்கு நான்கு முறை அங்கே எழுத்துக்குப் பதில் எண்கள். சிலவற்றில் குறிப்புகளே வெறும் இயற்கணிதக் கோவைகள்: ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஓர் எண், எது என்ன என்பதையும் தீர்ப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு கட்டம் பிசகினாலும் விடை தவறுதான்.

அமெரிக்காவில் இதன் எளிய தம்பி பிறந்தான். டெல் நிறுவனத்தின் புதிர் இதழ்கள் 1960களில் வெளியிட்ட கூட்டல் கட்டங்கள் ஜப்பானுக்குப் போய், கூட்டல் குறுக்கு என்ற பொருளில் 'கசான் குரோசு' ஆகி, 'ககுரோ' என்று சுருங்கின. பிரிட்டனில் சுடோகு மோகம் பரவியதையடுத்து 2005ல் அங்கத்திய நாளிதழ்களுக்கும் வந்து சேர்ந்தது ககுரோ. விதி எளிது: 1 முதல் 9 வரை மட்டும், ஒரு கூட்டலுக்குள் எந்த இலக்கமும் இருமுறை வரக் கூடாது. இரண்டு கட்டங்களில் 16 என்றால் 7ம் 9ம்தான். 17 என்றால் 8ம் 9ம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 9ஐ எழுதிவிடலாம்.

விதி எளிது என்பதால் புதிரும் எளிது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கட்டங்கள் பெருகும்போது எல்லா ககுரோவையும் வேகமாகத் தீர்க்கும் வழி எதுவும் கண்டறியப்படவில்லை. கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. நாளிதழில் வரும் அளவுள்ளதைக் கணினி நொடியில் முடித்துவிடும் என்பது வேறு விஷயம். அதன் உதவியை நாடலாமா கூடாதா என்பது ரசிகர்களிடையே தீராத வழக்கு.

தீர்ப்பவர்களின் உண்மையான எதிரி அவசரம். இதுவாகத்தான் இருக்கும் என்று ஓர் இலக்கத்தைப் போட்டுவிட்டு மேலே போனால், அரை மணி கழித்து எங்கோ இரண்டு எண்கள் முட்டும். எது ஊகம், எது உண்மை என்று அப்போது பிரிக்க முடியாது. மொத்தத்தையும் அழிக்க வேண்டியதுதான். அதனால்தான் தேர்ந்தவர்கள் சாத்தியமான இலக்கங்களைக் கட்டத்தின் மூலையில் பொடியாக எழுதி ஒவ்வொன்றாக அடிக்கிறார்கள். மிகக் குறைந்த சாத்தியங்கள் உள்ள இடத்தில்தான் தொடங்குகிறார்கள். வர்க்க எண் எதுவும் 2, 3, 7, 8ல் முடியாது என்பது போன்ற பள்ளிக்கூடப் பாடங்கள் இங்கே ஆயுதங்களாகின்றன.

உலக சுடோகு, புதிர் சாம்பியன்ஷிப் போட்டிகள் 2017ல் பெங்களூரில் நடந்தன. அங்கே கடிகாரமும் சேர்ந்து துரத்தும். ஆனால் வீட்டில், ஞாயிறு பிற்பகலில், யாரும் துரத்துவதில்லை. பென்சிலை எடுங்கள்: இரண்டு கட்டங்களில் 4, மூன்று கட்டங்களில் 7. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் என்ன எண்?