ஸ்ரீநகருக்கும் லே நகருக்கும் நடுவே

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு என்று நாம் கருதியிருந்தாலும், காஷ்மீரத்தின் ஸ்ரீநகரையும் லடாக்கின் லே நகரையும் எடுத்துக்கொண்டு ஆராயும்போது அந்தக் கருத்து நிலைப்பதில்லை. ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் அமைந்த இவ்விரு நகரங்களையும் பூமிக் கோளத்தின் மேல் மிகக் குறுகிய வழியாக இணைக்கும் பெருவட்டக் கோட்டை அளந்தால் சுமார் 255 கிலோமீட்டர் ஆகிறது. சாலையோ சுமார் 420 கிலோமீட்டர் நீள்கிறது.

வண்டி ஏறக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லை உண்டாதலால், சாலையானது சிந்த் நாலா என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே சோனமார்க்கை அடைந்து, வளைந்து வளைந்து 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயைக் கடந்து, திராஸ், கார்கில் வழியாகச் சென்று, 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவிலும் ஏறி இறங்கிய பின்னரே சிந்து நதிக்கரையைச் சேர்கிறது. பிரயாணிகள் கார்கிலில் இரவு தங்கி, இரண்டாம் நாள் லே சேர்வது வழக்கம்.

1948 மே 24 அன்று மேஹர் சிங் என்ற விமானப்படைத் தளபதி டகோட்டா விமானத்தை லேயில் இறக்கிய நாளில் ஆகாய மார்க்கம் திறந்தது. இன்று ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். ஆயினும் உயரமான லேயின் மெலிந்த காற்றில் இறக்கைகளுக்குப் போதிய தாங்குவிசை கிடைக்க அதிக வேகம் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மேலும் மெலியும். ஆகவே அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே வந்து போகின்றன.

இனி, மனித சரீரம் கேட்கும் அவகாசத்தைக் கவனிப்போம். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும், லே சுமார் 3,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் 21 சதவீதமே எனினும், லேயில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கு அளவே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. குறையை ஈடுசெய்யச் சுவாசம் ஆழமாகிறது. அதனால் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சிறுநீரகங்கள் கழித்துச் சமநிலைக்குக் கொணரச் சில நாட்கள் பிடிக்கும். சாலையில் வருபவர் சுமார் 2,700 மீட்டர் உயரமுள்ள கார்கிலில் தங்கும் இரவிலேயே இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியைப் பெற்றுவிடுகிறார். விமானத்தில் வருபவருக்கோ அந்த வாய்ப்பே இல்லாமையால், தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் அவரை எளிதில் பற்றிக்கொள்கின்றன.

ஆதலால் லேயில் இறங்கியதும் ஒன்றிரண்டு நாட்கள் ஓய்ந்திருக்கும்படி மருத்துவர்கள் கூறுவதை, சுற்றுலாவுக்கு நேர்ந்த நஷ்டமாக எண்ணாமல், பிரயாண காலத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் விமானமும் சாலையும் ஏறத்தாழ ஒரே காலத்தையே எடுத்துக்கொள்கின்றன என்பது புலப்படும். ஓய்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ தோன்றினால், தாமதியாமல் மருத்துவரை நாடுவதும் தாழ்வான இடத்துக்கு இறங்குவதுமே உயிரைக் காக்கும்.