ஏழு விநாடியில் நூறு?
பழைய வண்டிகள் – 9

வில்லியனூர், பாகூர் பக்கத்து மெக்கானிக் கடைகளில் யமஹா ஆர்எக்ஸ் 100 விலைக்கு வந்தால் பேச்சு நேராக ‘பிக்கப்’புக்குத்தான் போகும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 நவம்பரில் கொண்டுவந்து, 1996 மார்ச்சில் தயாரிப்பை நிறுத்திய வண்டி அது. கடைசி வண்டி வெளியே வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், நல்ல நிலையில் இருப்பது லட்சத்தைத் தாண்டி விலை போகிறது. அந்த விலைக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது: நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு, ஏழரை விநாடியில் தொட்டுவிடும் என்பது. அந்தக் காலத்து சோதனையிலேயே இப்படி வந்தது என்று சொல்வார்கள். பழைய வேகச் சோதனைகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இந்த ஒரு எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். எந்த வண்டி எதை முந்தியது என்பதில் அவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எத்தனை விநாடியில் என்பதில்தான் கோளாறு.

முதலில் கணக்கு. ஆர்எக்ஸ் 100-இன் எடை ஏறக்குறைய 103 கிலோ. ஓட்டுபவரைச் சேர்த்தால் 175 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எடை நூறு கிலோமீட்டர் வேகத்தில் போக அதற்குள் சுமார் 67,500 ஜூல் ஆற்றல் ஏறியிருக்க வேண்டும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கும் பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. இன்ஜினின் உச்சத் திறன் 11 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 8,200 வாட். இன்ஜின் முதல் நொடியிலிருந்தே உச்சத் திறனைக் கொடுக்கிறது, கியர் மாற்ற நேரமே ஆகவில்லை, செயினில் நஷ்டமில்லை, எதிர்க்காற்றே இல்லை என்று எல்லாவற்றையும் வண்டிக்குச் சாதகமாகவே விட்டுக்கொடுத்தாலும் எட்டு விநாடிக்கு மேல் ஆகிறது. உண்மையில் அந்த 11 குதிரைத்திறன் 7,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சுற்று இறங்கி, திறனும் இறங்குகிறது. வேகம் நூறை நெருங்கும்போது மிச்சமிருக்கும் திறனில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. ஆகவே ஏழு விநாடி என்பது கூடுதல் குறைவான மதிப்பீடு அல்ல, நடக்கவே முடியாத ஒன்று. அதே கணக்கில் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்று விநாடி என்ற கீழ்வரம்பு கிடைக்கிறது. நஷ்டங்களையெல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு விநாடி என்று சொன்னால் அதை நம்ப இடமிருக்கிறது.

பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது? கைக்கடிகாரத்தையோ ஸ்டாப்வாட்சையோ பிடித்த விரலை உடனே குறை சொல்லத் தோன்றும். ஆனால் விரல் தவறினால் கால் விநாடி, அரை விநாடி போகும், அவ்வளவுதான். பெரிய தவறு ஸ்பீடோமீட்டரில் இருக்கிறது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது, ஓரளவு கூட்டிக் காட்டலாம் என்பதுதான் பல நாடுகளில் அதற்கு உள்ள விதி. அதனால் தயாரிப்பாளர்கள் முள்ளைக் கூட்டியே வைக்கிறார்கள். ஆர்எக்ஸ் 100-இல் மீட்டர் கேபிள் முன்சக்கர ஹப்பிலிருந்து மேலே வருகிறது. முன்டயர் தேய்ந்தால் சுற்றளவு குறைந்து, அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். முள் இன்னும் கொஞ்சம் ஏறும். முள் அறுபதைத் தொடும்போது உண்மை வேகம் 54 என்றால், ஏற வேண்டிய ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடுகிறது. ஓட்டியவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். மீட்டர்தான் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை.

இன்னொரு வழியிலும் எண்கள் கெடுகின்றன. அமெரிக்க, ஆங்கிலேயப் பத்திரிகைகள் எழுதும் ‘சைபர் டு அறுபது’ மைல் கணக்கு. 60 மைல் என்பது 96 கிலோமீட்டருக்கும் மேல். நம் ஊரில் அதே வார்த்தை கிலோமீட்டரைக் குறிக்கிறது. ஒரே வண்டிக்கு இந்த இரண்டுக்கும் தேவையான ஆற்றல் இரண்டரை மடங்கு வித்தியாசப்படும். எண் மட்டும் ஊர்விட்டு ஊர் வந்து, அலகு வழியிலேயே விழுந்துவிட்டால் எந்தச் சோதனையும் பொய்யாகிவிடும். ராஜ்தூத் 350-க்கு இதைவிடப் பெரிய சிக்கல். அதன் மூலமான யமஹா ஆர்டி 350 சுமார் 39 குதிரைத்திறன் கொண்டது; 1983-இல் இங்கே வந்தது 30.5 மட்டுமே, பிறகு வந்த ‘லோ டார்க்’ 27. வெளிநாட்டு வண்டிக்கு எடுத்த விநாடிகளை இங்கே ஓடிய வண்டியின் பேரில் எழுதினால் அது சோதனையே ஆகாது.

அளந்தவர்கள் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் என்றால் நம்பலாமா? அங்கே காருக்குப் பின்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி ‘ஐந்தாம் சக்கரம்’ பூட்டி வேகத்தைத் தனியாக அளந்தார்கள். கருவி நல்ல கருவிதான். இருந்தும் 1964 மார்ச் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ், போன்டியாக் ஜிடிஓ கார் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாக எழுதியது. மற்ற பத்திரிகைகள் அதே மாடலுக்கு ஆறு விநாடிக்கு மேல்தான் பார்த்தன. பல ஆண்டுகள் கழித்து, போன்டியாக் விளம்பரத்தில் முக்கியப் பங்கு வகித்த ஜிம் வாங்கர்ஸ் உண்மையைச் சொன்னார்: சோதனைக்குக் கொடுத்த காரில் 389 கன அங்குல இன்ஜினுக்குப் பதிலாக 421 பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கருவி எதுவானாலும், அளக்கப்பட்ட வண்டி கடையில் கிடைக்கும் வண்டி இல்லை. ஒரு சோதனையைப் படிக்கும்போது ‘எப்படி அளந்தார்கள்’ என்பதற்கு முன் ‘யார் கொடுத்த வண்டி’ என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து பூட்டப்பட்ட முதல் வண்டிகள் வேறு ரகம், ஏழு விநாடி அவற்றுக்குப் பொருந்தும் என்று ஒரு வாதம் உண்டு. அந்த வண்டிகளின் உலோகமும் பொருத்தமும் மேலானவை என்று சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட திறன் அவற்றுக்கும் 11-தான். நஷ்டமே இல்லாத கற்பனை வண்டிகூட ஏழு விநாடியில் நூறைத் தொட 13 குதிரைத்திறனை முதல் நொடியிலிருந்து விடாமல் கொடுத்திருக்க வேண்டும். நல்ல பொருத்தத்தால் அவ்வளவு திறன் வந்துவிடாது.

இப்போதுதான் ஜிபிஎஸ் கருவி இருக்கிறதே, ஒரு வண்டியை எடுத்து அளந்துவிடலாமே என்பது அடுத்த கேள்வி. அளக்கலாம், ஆனால் கிடைப்பது இன்றைய வண்டியின் கணக்கு. முப்பது வருஷம் ஓடிய ஆர்எக்ஸ் 100-இல் இரண்டு மூன்று முறை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏறியிருக்கும். போர்ட்டைத் தேய்த்திருப்பார்கள், ஹெட்டைச் சீவியிருப்பார்கள், சைலன்சர் கம்பெனிச் சரக்காக இருப்பது அபூர்வம். சைலன்சருக்குள் கரி அடைந்திருந்தால் டூ ஸ்ட்ரோக் வண்டி அதனாலேயே மந்தமாகிவிடும். அன்று ஈயம் கலந்த பெட்ரோல், இன்று எத்தனால் கலந்தது. காற்றும் ஒன்றல்ல: கடல் மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் மேலே இருக்கும் புனேயில் காற்றின் அடர்த்தி ஐந்தாறு சதவீதம் குறைவு. பாகூர் சமதரையில் அடர்த்தியான காற்றின் லாபம் கிடைத்தாலும், சித்திரை வெயில் அதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். எனவே இன்றைய அளவு பழைய எண்ணை மெய்ப்பிக்காது, பொய்ப்பிக்கவும் செய்யாது.

இப்படிச் சொல்வதால் பழைய சோதனைகள் எல்லாம் வீண் என்று ஆகாது. ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே கடிகாரம் என்று இரண்டு வண்டிகளைப் பார்த்தபோது தவறுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழுந்தன. அதனால் வரிசை நிலைத்தது. சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களில் எல்லா வண்டியும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பின. அங்கே யார் முன்னால் போனார் என்பதற்கு ஸ்பீடோமீட்டர் தேவைப்படவில்லை. அதே 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஏறக்குறைய 7 குதிரைத்திறன்தான். அதற்கு முன்னால் 11 குதிரைத்திறன் ஆர்எக்ஸ் பாய்ந்து போனதைக் கிராமத்துச் சாலைகள் பார்த்தன, அந்த அனுபவம் முழுக்க உண்மை. அந்த வண்டியின் மதிப்புக்கு அதுவே போதும், ஏழு விநாடி வேண்டியதில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய மோட்டார் இதழ்களோ, வண்டியோடு வந்த கையேடோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சோதனை எங்கே நடந்தது, ஓட்டியவரின் எடை என்ன, வேகத்தை எதில் அளந்தார்கள் என்ற மூன்று விவரமும் உள்ள ஒரு பக்கம், வாய்வழி வந்த நூறு எண்களைவிட மேலானது. லட்சம் கொடுத்து வண்டி வாங்கப் போகிறவர்கள் விநாடிக் கணக்கைக் கேட்க வேண்டாம்; எத்தனையாவது போர், சைலன்சர் எது என்று கேளுங்கள்.