கழுவிய கறுப்புத் தூள்

காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய், அதாவது காபன் நனோகுழாய், கல்முனைக்கு எப்போதோ வந்துவிட்டது, போன் பற்றரிக்குள் ஒளிந்துகொண்டு. அதற்காகத் திருத்துகிற கடைக்காரர் நடுங்க வேண்டியதில்லை. அங்கே அது மின்வாய்க்குள் இறுகிக் கிடக்கிறது. கவனம் வேண்டியது, அது உலர்ந்த தூளாகப் பறக்கும் இடத்தில்.

உருவாக்கும் உலையிலிருந்து வரும்போது அந்தத் தூளில் குப்பையும் கலந்திருக்கும்: புகைக்கரி, வினையூக்கியாகப் போட்ட இரும்பு, நிக்கல், கோபால்ட். 1998இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் அதை நைத்திரிக் அமிலத்தில் 45 மணி நேரம் கொதிக்கவைத்தார்கள். உலோகம் கரையும், செம்பழுப்புப் புகை எழும், அது நெஞ்சை அரிக்கிற நஞ்சு. பலமுறை கழுவி வடித்தால், வடிதாளில் கறுப்புப் படலம் ஒன்று காகிதம்போல் உரிந்து வரும். அமிலம் குழாயையும் தின்னும் என்பதால், சிலர் முதலில் காற்றில் சூடாக்கிக் கரியை எரித்துவிட்டுப் பிறகு ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கழுவினால் உலோகம் போகும், குழாயின் வடிவம் போகாது. சிக்கல் அங்கேதான். நீண்டு விறைத்த நனோகுழாய்கள் எலியின் வயிற்று உட்சவ்வில் அஸ்பெஸ்டஸ் இழை செய்யும் கேட்டையே செய்தன என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். குட்டையாகச் சுருண்டவை அப்படிச் செய்யவில்லை. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு வகையை மட்டும், எம்டபிள்யூசிஎன்டி-7ஐ, புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது என வகைப்படுத்தியது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 8 மணி நேர வேலையில் ஒரு கனமீற்றர் காற்றில் சராசரியாக 1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது.

சம்மாந்துறையில் விஞ்ஞானம் படித்துவிட்டு ஹோமாகமவிலோ வெளிநாட்டிலோ ஆய்வுகூடம் போகும் பிள்ளை முதல் நாளே பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்கலாம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி உண்டா, தூளை ஈரமாகவே கையாளலாமா என்றும் கேட்கலாம். கேட்பது மரியாதைக்குறைவல்ல. அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். துணி முகக்கவசம் இந்தத் தூளுக்குப் போதாது.

கழிவமிலத்தை வாய்க்காலில் ஊற்றினால், நம் கரையோர மணலில் அது கிணற்றுக்கு இறங்க நேரமாகாது. அபாயகரக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலையில் காயப்பட்டால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரலாம். அரச பல்கலைக்கழகக் கழிவு எங்கே போகிறது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும்; தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். கொடுக்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேன்முறையீட்டுக்கு அது உதவும்.